சீபோல்ட் வைத்தியரின் கொடி

என் தமக்கையின் மகள் ஒருத்தி ஜேர்மனியில் குடியிருக்கிறாள். பண்டத்தரிப்பிலே பிறந்து, பேத்தியாருடைய மல்லிகைப் பந்தலின் கீழே வளர்ந்தவள். அவள் தன் வீட்டின் வடபுறச் சுவரில் ஒரு கொடியை நட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கொடி சுவரைப் பற்றிக்கொண்டு இரண்டாம் மாடிச் சாளரம்வரை ஏறிவிட்டது. இலைக்கும் குறைவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளில் ஒரு பூவேனும் பூத்ததில்லை. வேரோடு பிடுங்கிவிடலாமா, மாமா, என்று சென்ற தை மாதத்தில் கேட்டாள். கொடியின் பெயரைக் கேட்டேன். ஏறு ஹைட்ராஞ்சியா என்றாள்.

எனக்கு அக்கொடியைத் தெரியாது. நுவரெலியாவிலும் ஹக்கலைப் பூந்தோட்டத்திலும் நீலமும் வெண்சிவப்புமாகக் குலைகுலையாய்ப் பூத்து நிற்கும் ஹைட்ராஞ்சியாச் செடிகளை ஆசிரியர் சுற்றுலாக்களிலே கண்டிருக்கிறேன். அவற்றுள் சுவரேறும் சாதி ஒன்று உண்டென்பது புதுச்செய்தி. நம்மூர்ச் சுண்ணக்கல் நிலத்திலும் வெயிலிலும் அது பிழைக்காது. பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழுகின்ற குளிர்நாட்டு மரபு அதற்கு உரியது. ஆகையால் மருமகளுக்கு விடை சொல்லும் பொருட்டு நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். பூக்காத காரணம் அரைநாளிலே கிடைத்துவிட்டது. ஆயின் அக்கொடிக்குத் தாவரவியற் பெயர் சூட்டியவருடைய வரலாறு என்னை மூன்று மாதம் விடாது பற்றிக்கொண்டது. அவரும் ஒரு வைத்தியர். நமது பண்டத்தரிப்பிலே ஸ்கடர் வைத்தியர் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், யப்பான் தேசத்துச் சிறு தீவொன்றிலே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர்.

பிலிப் பிரான்ஸ் ஃபொன் சீபோல்ட் 1796ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பூர்க் நகரிலே பிறந்தார். தலைமுறை தலைமுறையாக வைத்தியரும் மருத்துவப் பேராசிரியரும் விளங்கிய குடும்பம். தந்தையார் இவருடைய குழந்தைப் பருவத்திலேயே காலமாயினார். வூர்ட்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1820இல் பட்டம் பெற்றார். அதே 1820ஆம் ஆண்டிலேதான் நியூ ஜேர்சியிலிருந்து வந்த ஜோன் ஸ்கடர், சிதைந்து கிடந்த பழைய ஒல்லாந்தர் ஆலயமும் மனையும் இருந்த பண்டத்தரிப்பிலே குடியேறினார். ஸ்கடர் 1793இல் பிறந்தவர். மற்றவருக்கு மூன்று வயது மூத்தவர். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்ததற்குச் சான்று இல்லை. எனினும் கடல்கடந்து வந்த வைத்தியர் ஒருவர் பிணி தீர்த்தலை ஒரு வாயிலாக வைத்து அந்நிய சமுதாயம் ஒன்றினுள்ளே நுழைகின்ற காட்சி நம்மூராருக்குப் புதியதன்று. ஸ்கடர் அவ்வாயிலூடே வேதத்தைக் கொண்டுவந்தார். சீபோல்ட் அவ்வாயிலூடே ஒரு தேசத்தையே வெளியே கொண்டுபோக முயன்றார்.

1822இல் சீபோல்ட் ஒல்லாந்த அரசின் கீழ்த்திசைப் படையிலே வைத்தியராகச் சேர்ந்து பத்தேவியாவுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து 1823 ஓகஸ்டில் யப்பானின் நாகசாகித் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்து யப்பான் கதவடைத்த நாடு. மேனாட்டாருள் ஒல்லாந்தருக்கு மட்டுமே அங்கு வாணிப உரிமை இருந்தது. அவர்களும் தெஜிமா என்னும் விசிறி வடிவான செயற்கைத் தீவினுள்ளே அடைபட்டிருக்க வேண்டும். ஊர்க்கோயிலின் வெளிவீதியைச் சுற்றுவதற்கு ஆகும் நேரத்தில் அத்தீவைச் சுற்றி முடித்துவிடலாம். யாழ்ப்பாணக் கோட்டையை 1658முதல் 1795வரை ஆண்ட அதே ஒல்லாந்தக் கம்பெனிதான் 1641முதல் அத்தீவிலும் பண்டகசாலை வைத்திருந்தது. ஆதலால் அவ்விரு இடங்களுக்கும் இடையிலே நாம் எண்ணுவதிலும் பார்க்க நெருங்கிய உறவுண்டு. லின்னேயஸின் மாணாக்கரான துன்பெர்க் என்னும் சுவீடன் தேசத்து வைத்தியர் 1775இலும் 1776இலும் தெஜிமாவிலே பணிபுரிந்தவர். அடுத்த ஆண்டே இலங்கைக்கு வந்து இங்குள்ள செடிகொடிகளைச் சேகரித்தார். யப்பானிய ஹைட்ராஞ்சியாக்களை மேனாட்டு அறிவியலுக்கு முதலில் அறிவித்தவர்களுள் அவர் ஒருவர். ஆனால் அவற்றை வேறோர் இனமென மயங்கி வேறு பெயரால் எழுதிவைத்தார். பெரியோருக்கும் சறுக்கல் உண்டு.

சீபோல்ட் ஒல்லாந்தரல்லர் என்பதைத் தெஜிமாவின் யப்பானிய மொழிபெயர்ப்பாளர் அவருடைய உச்சரிப்பைக் கேட்டவுடனே ஐயுற்றனராம். அவர்கள் அவரிலும் நன்றாக ஒல்லாந்த மொழி பேசியவர்கள். தாம் மலைநாட்டு ஒல்லாந்தர், ஆகையால் பேச்சு வேறுபடுகிறது என்று சொல்லித் தப்பினார் என்பர். ஒல்லாந்திலே மலை ஏது? கடலைவிடத் தாழ்ந்த நிலமல்லவா அது! அக்காலத்து யப்பானியருக்கு அதை ஒத்துப்பார்க்க வழியில்லாது போயிற்று.

அவருடைய மருத்துவத் திறமை விரைவிலே பரவிற்று. கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்தார். நோயாளரிடம் கூலி வாங்குவதில்லை. அவர்கள் நன்றியாகக் கொடுத்த பொருள்களை ஏற்றுக்கொண்டார். செடி, விதை, பறவைத் தோல், ஓவியம், பாத்திரம், கருவி என்று அவை குவிந்தன. 1824இல் அவருக்கு ஓர் அரிய சலுகை கிடைத்தது. தீவுக்கு வெளியே, நருதக்கி என்னும் இடத்தில் ஒரு வீட்டை வைத்து மாணாக்கருக்கு மருத்துவமும் இயற்கையறிவும் கற்பிக்கலாயினார். நமது வட்டுக்கோட்டையிலே செமினரி தொடங்கியது 1823இல் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். வட்டுக்கோட்டை மாணாக்கர் ஆங்கிலத்திலே வானநூல் படித்துக்கொண்டிருந்தபோது, நருதக்கி மாணாக்கர் ஒல்லாந்த மொழியிலே கட்டுரை எழுதிக்கொண்டிருந்தனர். அக்கட்டுரைகளின் பொருள் என்ன? தேயிலை வளர்க்கும் முறை, திமிங்கில வேட்டை, யப்பானிய மருத்துவம், பழைய ஆசாரங்கள். மாணாக்கருக்கு அவை பயிற்சி. ஆசிரியருக்கோ தாம் சென்று காணமுடியாத நாட்டைப் பற்றிய ஆவணங்கள். கல்வி கொடுத்து அறிவு கொண்ட இந்த வாணிபத்தில் யார் அதிகம் பெற்றார் என்பதை என்னால் முடிவுகட்ட இயலவில்லை. மாணாக்கருள் ஒருவராகிய இத்தோ கெய்சுக்கே லின்னேயஸின் பாகுபாட்டு முறையை 1829இல் யப்பானிய மொழியிலே நூலாக்கி, அந்நாட்டுப் புதிய தாவரவியலுக்கு முன்னோடியானார் என்பதை மட்டும் சொல்லலாம்.

தெஜிமாவுக்குள் நுழைய அனுமதி பெற்ற பெண்கள் கணிகையர் மட்டுமே. அவ்வாறு வந்தவர்தான் குசுமொத்தோ தக்கி. உண்மையில் அவர் கணிகையோ, தீவுக்குள் புகும் பொருட்டு அப்பட்டியலிலே பெயர் பதிந்துகொண்ட குடும்பப் பெண்ணோ என்பதில் ஆய்வாளர் இருவகைப்படுவர். சீபோல்ட் அவரைத் தம் மனைவியாகவே கருதினார். தாய்நாட்டு உறவினருக்கு எழுதிய மடல்களிலும் அவரைப் பற்றித் தெரிவித்தார். தக்கி என்னும் சொல்லுக்கு யப்பானிய மொழியில் அருவி என்பது பொருள். நருதக்கியிலும் அதே அருவிதான் இருக்கிறது. 1827இல் அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. இனே என்று பெயரிட்டனர்.

இதற்கு முந்திய ஆண்டில், 1826இல், ஒல்லாந்தர் சோகுன் என்னும் பேரதிகாரியைக் கண்டு வணங்கும் பொருட்டு எதோ நகருக்குச் சென்றனர். இன்றைய தோக்கியோதான் அன்றைய எதோ. சீபோல்டும் உடன் சென்றார். மாதக்கணக்கான அப்பயணத்தில் வழியெல்லாம் அளந்தார், வரைந்தார், செடி பறித்தார். தலைநகரிலே அரசவை வானநூலறிஞரான தகஹாஷி ககெயாசுவின் நட்புக் கிடைத்தது. அந்நட்பே இருவருக்கும் நஞ்சாயிற்று.

தகஹாஷி மேனாட்டு நூல்களை விரும்பினார். சீபோல்ட் யப்பானின் நிலப்படங்களை விரும்பினார். ருசியக் கடலோடி குருசென்ஸ்தேர்னின் உலகப் பயண நூலை இவர் கொடுத்தார். இனோ தததக்கா என்பவர் நாடெங்கும் நடந்து அளந்து ஆக்கிய அரிய நிலப்படத்தின் படியை அவர் கொடுத்தார். அந்நியருக்கு நிலப்படம் கொடுப்பது அந்நாட்டுச் சட்டப்படி பெருங்குற்றம். 1828இல் செய்தி வெளிப்பட்டது. புயலொன்றில் கப்பல் தரைதட்ட, அதிலிருந்த பெட்டிகளைத் திறந்தபோது படங்கள் அகப்பட்டன என்று நெடுங்காலம் கதை சொல்லப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. விசாரணை தலைநகரிலேயே தொடங்கியது என்பர். எவ்வாறாயினும் தகஹாஷி சிறையிடப்பட்டு 1829இல் சிறையிலேயே உயிர்நீத்தார். இறந்த பின்னும் அவரை விட்டார்களில்லை. உடலை உப்பிலிட்டு வைத்திருந்து தீர்ப்பு வழங்கினர். மாணாக்கரும் மொழிபெயர்ப்பாளரும் பலர் தண்டனை அடைந்தனர். செடிகளை உயிரோவியமாகத் தீட்டிக்கொடுத்த கவஹாரா கெய்கா என்னும் ஓவியரும் தப்பவில்லை. சீபோல்டுக்குக் கிடைத்த தண்டனை யப்பானிலிருந்து நாடுகடத்தல். மீண்டும் திரும்பக்கூடாது என்பது கட்டளை.

சீபோல்டைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். எனக்கு அது இயலவில்லை. அவர் நண்பரைக் காட்டிக்கொடாமல் விசாரணையைத் தாங்கினார் என்பது அவருக்குச் சிறப்பே. ஆயினும் அப்படத்தின் விலை என்னவென்று தகஹாஷி அறிந்திருந்ததுபோல அவரும் அறிந்திருந்தார். விலையைச் செலுத்தியவர் ஒருவர். படத்தை அச்சிட்டுப் புகழ் பெற்றவர் மற்றொருவர்.

1829ஆம் ஆண்டின் முடிவிலே அவர் யப்பானை விட்டுச் சென்றார். தக்கிக்கு இருபத்திரண்டு வயதளவு. குழந்தைக்கு இரண்டு வயது. யப்பானியப் பெண்கள் நாட்டைவிட்டுச் செல்லச் சட்டம் இடந்தரவில்லை. நினோமியா கெய்சாக்கு, கோ ரியோசாய் என்னும் இரு மாணாக்கரிடம் தாயையும் மகளையும் ஒப்படைத்தார். அவ்விருவருமே அந்த வழக்கில் அடிபட்டவர்கள் என்பதை நினைத்தால் அவர்களுடைய ஆசிரியபக்தி விளங்கும். தாயின் உருவத்தையும் மகளின் உருவத்தையும் சிப்பியிழைத்துப் பதித்த சிறிய அரக்குச் செப்பு ஒன்று இன்றும் நாகசாகியிலே போற்றப்படுகிறது. சீபோல்ட் தம்முடன் வைத்திருந்த செப்பு அது.

மனிதரைக் கொண்டுபோக முடியாதவர் செடிகளைக் கொண்டுபோனார். உலர்த்திய மாதிரிகள் 12,000 வரை அவரிடம் இருந்தன. தேயிலை விதைகளை முன்னரே சாவகத்துக்கு அனுப்பியிருந்தார். உயிர்ச் செடிகளில் பல கடற்பயணத்திலேயே மடிந்தன. எஞ்சியவற்றை 1830இல் கெண்ட் நகரத் தாவரத் தோட்டத்திலே சேர்த்தார். அதே ஆண்டில் பெல்ஜியர் கிளர்ந்தெழுந்து ஒல்லாந்திலிருந்து பிரியவே, செடிகள் பல எல்லைக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டன. அவர் லெய்டன் நகருக்குச் சென்று குடியமர்ந்தார். யப்பானைப் பற்றிய பெருநூலொன்றை 1832முதல் பகுதிபகுதியாக வெளியிட்டார். மியூனிக் நகரத்துத் தாவரவியற் பேராசிரியர் சூக்கரினியுடன் சேர்ந்து யப்பானியத் தாவர நூலை 1835முதல் வெளியிடத் தொடங்கினார்.

என் மருமகளின் கொடி இந்நூலிலேதான் வருகிறது. 1839ஆம் ஆண்டளவில் வெளிவந்த பகுதியொன்றில் ஹைட்ராஞ்சியா பெத்தியோலாரிஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். இலைக்காம்பு நீண்டது என்பது பொருள். ஹைட்ராஞ்சியா என்ற சொல்லோ கிரேக்க மொழியில் நீர்ச்சாடியைக் குறிப்பது; விதைக்கூடு சிறு சாடிபோல் இருப்பதால் வந்த பெயர். யப்பானியர் இதனைக் கொடி அஜிசாய் என்பர். இமயமலைச் சாரலில் இதற்கொரு நெருங்கிய சுற்றம் உண்டு. அதனை 1825இலேயே டேவிட் டொன் என்பவர் நேபாளத் தாவர நூலில் விவரித்துவிட்டார். இன்று தாவரவியலாருள் ஒருசாரார் இரண்டையும் ஒரே இனத்தின் கிளைகள் என்கின்றனர்.

இக்கொடி ஏறுகின்ற விதம் அழகானது. பாகலைப்போலப் பற்றுக்கம்பி நீட்டுவதில்லை, அவரையைப்போலச் சுற்றிக்கொள்வதுமில்லை. தண்டிலிருந்தே மயிர்போன்ற சிறு வேர்களை விட்டு மரப்பட்டையையும் கல்லையும் கவ்விக்கொள்கிறது. முல்லைக்குப் பாரி தேர் ஈந்தான். இக்கொடிக்குத் தேரும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். மலைக்காட்டிலே மரத்தின் அடிநிழலில் முளைத்து, ஒளியைத் தேடி ஐம்பது அறுபது அடி உயரம்வரை செல்லும். பூத்தால், உள்ளங்கை அகலத்துக்கும் மேலான தட்டையான வெண்கொத்துகள். நடுவிலே மணிமணியாக வளமுள்ள சிறுபூக்கள். ஓரத்திலே பெரிய இதழ்களோடு மலட்டுப் பூக்கள். வண்டை அழைப்பது மலட்டுப் பூவின் தொழில். காய்ப்பது மற்றதன் தொழில்.

ஆனால் பூப்பதற்கு முன் அது நெடுங்காலம் காக்கவைக்கும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வேரூன்றுவதிலேயே கழியும். கொடி செத்துவிட்டதோ என்று ஐயுறும்படி நிற்கும். பிறகு ஏறத் தொடங்கும். பற்றி ஏறுகின்ற இளந்தண்டு பூப்பதில்லை. உயரத்தை எட்டி, சுவரைவிட்டு வெளியே குறுங்கிளைகளை நீட்டி, அக்கிளை முதிர்ந்த பிறகே அதன் நுனியிலே அரும்பு கட்டும். அதுவும் முந்திய ஆண்டின் கோடையிலே கட்டிவைத்த அரும்பு. பனிக்காலம் முழுதும் உறங்கியிருந்து, மறுவேனிலில் விரியும். ஐந்து ஆண்டில் பூத்தால் பேறு. பத்தாண்டு காத்தவர்களும் உளர். நிழலைத் தாங்குமெனினும் முழு இருளிலே அரும்பு குறையும். வேரடி ஈரம் வற்றலாகாது. நைதரசன் மிகுந்த உரம் இட்டால் இலைதான் செழிக்கும்.

இவற்றை வாசித்தவுடனே மருமகளைத் தொலைபேசியிலே அழைத்து, கொடியை வெட்டுவதுண்டா என்று கேட்டேன். ஆண்டுதோறும் பனிக்காலத்தின் முடிவிலே, சுவரைவிட்டு நீட்டிக்கொண்டிருக்கும் குறுங்கிளைகளையெல்லாம் ஒட்ட வெட்டி, கொடியைச் சுவரோடு சுவராகத் துப்புரவாக்கி, கைநிறைய உரமும் இடுவாளாம். பேத்தியாரிடம் கற்ற முறை அது. பிழை சொல்வதற்கில்லை. நம்மூரிலே மழைக்காலம் கழிந்ததும் மல்லிகையை வெட்டினால் புதுத்துளிர் விட்டு, அத்துளிரிலே பூக்கும். முந்திரிகைக் கொடியையும் கமக்காரர் ஒட்ட வெட்டித்தான் குலை காண்கின்றனர். புதுக்கிளையிலே பூக்கும் இனத்துக்கு வெட்டு மருந்து. பழங்கிளையிலே பூக்கும் இனத்துக்கு அதே வெட்டு அந்த ஆண்டின் பூவையெல்லாம் குப்பைக்கு அனுப்புவது. பண்டத்தரிப்பின் கைப்பழக்கம் ஜேர்மனியிலே ஆறு ஆண்டுப் பூவைத் தின்றுவிட்டது. வெட்ட நேர்ந்தால் பூத்து முடிந்த பின்னரே வெட்ட வேண்டும், அதுவும் சிறிதளவு, என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை.

கொடிக்குக் காம்பின் நீளத்தைக் கொண்டு பெயரிட்ட சீபோல்ட், அதே தொகுதியிலே தோட்டத்து ஹைட்ராஞ்சியா ஒன்றுக்கு ஒதக்சா என்று பெயரிட்டார். யப்பானியர் அதனை அவ்வாறு அழைப்பர் என்று காரணமும் எழுதினார். எவரும் ஐயுறவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் யப்பானின் பெருந்தாவரவியலாளர் மகினோ தொமித்தாரோ, அப்படியொரு பெயர் யப்பானில் எங்கே வழங்குகிறது என்று தேடினார். எங்கும் வழங்கவில்லை. பின்னர்தான் பொறி தட்டிற்று. மதிப்புக்குரிய அடைகளோடு தக்கியை அழைத்தால் ஓ-தக்கி-சான். அதை விரைந்து சொன்னால் ஒதக்சா! புனிதமான தாவரப் பெயரிலே கணிகை ஒருத்தியின் பெயரைக் கலந்துவிட்டாரே என்று மகினோ சினந்தார். மகினோ பேரறிஞர், ஆயினும் இச்சினத்தில் நான் அவருடன் இல்லை. அரசர்க்கும் ஆளுநர்க்கும் பொருளுதவிய செல்வர்க்கும் மலர்ப்பெயர் சூட்டியபோது கெடாத புனிதம் தக்கியின் பெயராலா கெட்டுவிடும்?

மறுபுறத்தில், அப்பெயரைக் காதலின் சின்னமாக மட்டும் காண்பவர்களோடும் என்னால் முழுதாக உடன்பட முடியவில்லை. தக்கி அந்நூலைக் காணவில்லை. கண்டிருந்தாலும் லத்தீன் எழுத்திலே மறைந்திருந்த தம் பெயரை வாசித்திருக்க இயலாது. நாகசாகியிலே அவர் வேறொருவரை மணந்து வாழ்ந்தார். சீபோல்டும் 1845இல் ஹெலேனே ஃபொன் காகெர்ன் என்னும் ஜேர்மானியப் பெருமாட்டியை மணந்து ஐந்து பிள்ளைகளைப் பெற்றார். ஒதக்சா இன்று தனி இனமாகக் கொள்ளப்படுவதில்லை. தோட்டத்து ஹைட்ராஞ்சியாவின் ஒரு வகையாகவே எண்ணப்படுகிறது. தாவரவியல் அப்பெயரைக் கீழே இறக்கிவிட்டது. நாகசாகி நகரமோ ஹைட்ராஞ்சியாவைத் தன் நகர மலராகக் கொண்டு, இன்னும் ஒதக்சா என்றே சொல்லி மகிழ்கிறது.

லெய்டனிலே அவர் செடிவளர்ப்புத் தோட்டம் ஒன்றை அமைத்து, கிழக்காசியச் செடிகளை ஐரோப்பாவெங்கும் விற்றார். அங்கிருந்து சென்றவற்றுள் ஒன்றைக் கூறாமல் விடலாகாது. யப்பானிய முடிச்சுப்பூண்டு எனத்தகும் ஒரு செடிக்கு 1847இல் உத்ரெக்ட் தோட்டக்கலைச் சங்கத்தின் பொற்பதக்கம் கிடைத்தது. 1850இல் இலண்டன் கியூ தோட்டத்துக்கும் அது சென்றது. இன்று அது பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் சுவர்ப் பிளவுகளிலும் ஆற்றோரங்களிலும் புகுந்து, ஒழிக்க ஒழிக்க முளைத்து, வீட்டு விலையையே வீழ்த்தும் பெருங்களையாகிவிட்டது. பார்த்தீனியம் படுத்தும் பாட்டை அறிந்த யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஏறு ஹைட்ராஞ்சியாவோ 1860களிலேதான் ஐரோப்பியத் தோட்டங்களிலே கால்வைத்தது. அப்போதும் அதனோடு உருவொத்த வேறொரு யப்பானியக் கொடியைக் கொடுத்து விற்போரே வாங்குவோரை மயக்கினர்.

1858இல் யப்பான் கதவு திறந்தது. சீபோல்டின் மேலிருந்த தடையும் நீங்கியது. 1859இல், அறுபத்துமூன்று வயதில், மூத்த மகன் அலெக்சாந்தரை உடன் அழைத்துக்கொண்டு மீண்டும் நாகசாகியிலே இறங்கினார். முப்பது ஆண்டுக்குப் பின் தக்கியைக் கண்டார். இரண்டு வயதிலே விட்டுச்சென்ற குழந்தை முப்பத்திரண்டு வயதுப் பெண்ணாக, மருத்துவம் பயின்றவளாக எதிரே நின்றாள்.

இனேயை வளர்த்து மருத்துவம் கற்கச் செய்தவர்கள் சீபோல்டின் மாணாக்கர்கள். நினோமியா கெய்சாக்கு தம் ஆசிரியர் விட்டுச்சென்ற பொறுப்பை மறக்கவில்லை. கலப்புக் குருதியுடைய பெண் என்று ஊரார் நோக்கிய நோக்கைத் தாங்கிக்கொண்டு அவள் மகப்பேற்று மருத்துவம் கற்றாள். கற்பித்தவர்களுள் ஒருவர் அவளுக்குப் பெருந்தீங்கு இழைத்தார். அதனால் பிறந்த மகளைத் தனித்தே வளர்த்தாள். பின்னர் நாகசாகியிலே பொம்பே என்னும் ஒல்லாந்த வைத்தியரிடமும் பயின்றாள். தந்தையின் வருகை அவள் வாழ்விலே ஒரு திருவிழாவாக அமைந்தது என்று எழுத எனக்கு விருப்பந்தான். ஆயினும் அவ்வாறு அமையவில்லை. இருவருக்கும் இடையே நாளடைவில் மனக்கசப்பு வளர்ந்தது. சீபோல்ட் 1861இல் எதோவிலே அரசுக்கு ஆலோசகராகிச் சிறிது காலத்திலே அப்பதவியையும் இழந்து, 1862இல் யப்பானை இரண்டாம் முறை நீங்கினார். இம்முறை யாரும் துரத்தவில்லை; யாரும் தடுக்கவுமில்லை. 1866 ஒக்தோபர் 18ஆம் நாள் மியூனிக்கிலே காலமானார். சூக்கரினி 1848இலேயே மறைந்துவிட்டதால் அவர்களுடைய தாவர நூலை மிக்குவெல் என்னும் அறிஞர் 1870இல் நிறைவுசெய்தார்.

இனே தோக்கியோவிலே மருத்துவமனை நடத்தினாள். 1873இல் அரண்மனைப் பேறுகாலத்துக்கு அழைக்கப்படும் அளவுக்கு மதிப்புப் பெற்றாள். மேனாட்டு மருத்துவம் கற்ற முதல் யப்பானியப் பெண் என்று அவளைக் கூறுவர். 1903இல் அவள் மறைந்தாள். ஸ்கடர் வைத்தியரின் பேர்த்தி ஐடா, வேலூரிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் தொடங்கி மூன்றாண்டு ஆகியிருந்த காலம் அது.

இவ்வளவையும் மருமகளுக்கு இரவிலே சிறிது சிறிதாகச் சொன்னேன். அவள் குடியிருக்கும் ஊரிலிருந்து வூர்ட்ஸ்பூர்க் இரண்டு மணிநேரப் புகைவண்டிப் பயணமாம்; அங்கே சீபோல்ட் பெயரால் ஓர் அரும்பொருட்காட்சிச்சாலை இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். தக்கி தன் பெயரை ஒருமுறையாவது அறிந்திருப்பாரா, மாமா, என்று கேட்டாள். முப்பது ஆண்டு கழித்து வந்தவர் அதைத் தம் வாயாலே சொல்லியிருக்கலாம் என்றேன். சொல்லியிருப்பாரா என்று திரும்பவும் கேட்டாள்.

சென்ற வாரம் சுவரின் படமொன்றை அனுப்பியிருந்தாள். இவ்வாண்டும் பூ இல்லை. தை மாதத்துக்கு முன்னரே ஒருமுறை வெட்டிவிட்டாளாம். ஆனால் வெட்டாது விட்ட புதுக்குறுங்கிளைகள் சாளரத்தின் இருபக்கமும் கையளவு நீண்டிருக்கின்றன. உரமும் இடவில்லை, மாலைதோறும் வேரடியிலே தண்ணீர் மட்டும் விடுகிறாள். கத்தரிக்கோலை நிலவறையிலே வைத்துப் பூட்டி, திறப்பைக் கணவனிடம் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாள்.